ஒன்பது வாய்க்கு ஒரு நாக்கு

விமான நிலையத்தில் பெட்டிகள் வெளியே வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“நீ வெஜ்தானேம்மா?”

கேட்டவர் விசாலம் ஆன்ட்டி. மடிப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து சோங்சிங் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒன்பது பேரில் அவர் ஒருவர். நான் அவர்களுக்கு அமர்த்தப்பட்ட தமிழ் வழிகாட்டி. என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என் வயிற்றைப் பற்றிக் கேட்டார்.

“ஆமா ஆன்ட்டி” என்றேன். இந்த வேலையில் சேர்ந்தபோதே மேனேஜர் சொல்லிக்கொடுத்த பொய் அது. தமிழ்க் குழு வந்தால் வழிகாட்டி சைவம். அவ்வளவுதான்.

“அப்பாடா. பேரென்ன?”

“பொற்செல்வி.”

“சென்னையா? சென்னைல எங்க?” இது அவர் கணவர் திருஞானம் சார். ஓய்வு பெற்ற என்ஜினியர், குடியிருப்புச் சங்கத்தின் தலைவர்.

“வடசென்னை சார்.”

“வடசென்னைல எங்க?”

நல்லவேளை, பெட்டிகள் வந்துவிட்டன. ஓடிப்போய் இழுத்துப் போட்டேன். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியாதவளா நான்? ஊரைக் கேட்பார்கள், பிறகு பேட்டையை, பிறகு தெருவை. ஜாதியை மட்டும் கேட்கவே மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

பஸ்ஸில் ரகோத்தமன் எனக்கு விளக்கமே கொடுத்தார். குழுவிலேயே கலகலப்பான ஆள் அவர். “எங்க ஃப்ளாட்ஸ்ல ஜாதியே பாக்க மாட்டோம்மா. தெலுங்கு, கன்னடம், மார்வாடி, யார் வேணாலும் வீடு வாங்கலாம், வாடகைக்கு வரலாம். ஒரே கண்டிஷன். ப்யூர் வெஜ்ஜா இருக்கணும்.”

“நல்ல கண்டிஷன் சார்” என்று சிரித்தேன். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

சோங்சிங்கை முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். மலையை வெட்டாமல் மலைமேலேயே அடுக்கிவைத்த நகரம். ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் நுழைந்து லிஃப்டில் ஏறி இருபதாவது மாடியில் வெளியே வந்தால் அங்கேயும் ஒரு தெரு இருக்கும், பஸ் போகும், ஹாரன் அடிப்பார்கள். குடியிருப்பு ஒன்றின் நடுவயிற்றுக்குள் ரயில் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். பச்சையாக ஓர் ஆறும் பழுப்பாக ஓர் ஆறும் சேர்ந்து, கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடும். ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அவர்கள் எல்லாவற்றையும் பார்த்தார்கள், எல்லாவற்றின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்துக்குள் ரயில் புகுந்தபோது திருஞானம் சார், “வைப்ரேஷன் இருக்குமே, இந்த வீட்டையெல்லாம் எவன் வாங்குவான்?” என்றார். கம்பியில் தொங்குகிற பெட்டியில் பெரிய ஆற்றைக் கடந்தபோது விசாலம் ஆன்ட்டி கண்ணைத் திறக்கவே இல்லை, முருகா முருகா என்று அந்தக் கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஹோட்டல் அறையில் எலக்ட்ரிக் குக்கர் வைத்துச் சாதம் வடித்து, ஊரிலிருந்து சம்படத்தில் கொண்டுவந்த உறைமோரில் தயிர் தோய்த்து, கடுகு தாளித்ததில் தீயணைப்பு மணி அடித்தது. நான்தான் கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தயிர்சாதத்தில் எனக்கும் பங்கு உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எவர்சில்வர் தட்டு, எனக்குக் காகிதத் தட்டு. கரண்டி என் தட்டில் படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து சாதம் விழும். ஆன்ட்டி வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கை தானாகச் செய்தது. வேண்டுமென்றே செய்கிறவர்களிடம் சண்டையாவது போடலாம்.

ஆனால் அவர்கள் ஆற்றையும் ரயிலையும் பார்க்க இவ்வளவு தூரம் வரவில்லை. வந்தது ருசிப்பாலத்துக்காக.

“அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லும்மா” என்று திருஞானம் சார் முதல் நாளே கேட்டார். என்ஜினியர் அல்லவா.

“தாடைக்குக் கீழ ஒரு பட்டை கட்டுவாங்க சார். பக்கத்து ரூம்ல ஒருத்தங்க அதே மாதிரி பட்டை கட்டிக்கிட்டு சாப்பிடுவாங்க. அவங்க நாக்குல தெரியற ருசி அவங்க மூளைக்குப் போகாம, நேரா உங்க மூளைக்கு வந்துடும். உங்க வாயில ஒண்ணுமே இருக்காது.”

“அப்ப அவங்களுக்கு?” என்றார் ஆன்ட்டி.

“அவங்களுக்கு ருசி தெரியாது ஆன்ட்டி. மெல்லுவாங்க, முழுங்குவாங்க. அவ்ளோதான்.”

“ஐயோ பாவம்.”

“அது அவங்க வேலைடி” என்றார் சார். பிறகு என்னிடம், “நாங்க ஒரு பெரியவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தோம். வயித்துக்குள்ள போகாததால தோஷமில்லன்னுட்டார். கனவுல சாப்பிட்டா விரதம் கெடுமா? அந்த மாதிரிதான்னார்.”

கிணறு வெட்டி, அதைத் தாண்டிக் குதிக்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ருசிப்பாலம் நடத்துகிற எங்கள் கம்பெனி சும்மா இருக்குமா? இந்தியாவுக்கென்றே விளம்பரம் அடித்தது. ‘நீங்கள் உண்பதில்லை. ருசி மட்டுமே.’ மாமிசம் தொடாத வீட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

ருசிப்பாலக் கூடம் ஆற்றைப் பார்த்த மாடியில் இருக்கிறது. சாய்வு நாற்காலிகள், கண்ணாடிச் சுவர், மெல்லிய இசை. பக்கத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சின்ன அறை. அங்கே அடுப்பு, கொதிக்கிற சிவப்பு எண்ணெய்க் குழம்பு, ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குக் கம்பெனி வைத்த பெயர் ‘ருசித்தோழி’. விருந்தாளி தோழியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். அதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடி.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த தோழி ருவோலான். முப்பது வயதிருக்கும். ஒடிசலான பெண், ஆனால் வேலையால் முகம் ஊதியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை விருந்தாளியோ அத்தனை சாப்பாடு.

முதல் நாள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ருவோலான் பன்றித் துண்டை எண்ணெய்க் குழம்பில் முக்கி வாயில் போட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரகோத்தமன் கண்ணை மூடிக்கொண்டு, “ஐயையோ, இத்தனை வருஷமா இதைப் போய் விட்டுட்டோமேய்யா” என்று முனகினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. கருவியைப் பார்த்துக்கொள்கிற காவ் என்பவன் ஓடிவந்து, பட்டையைக் கழற்றுகிறவரை கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னான். நான் மொழிபெயர்த்தேன். யார் கேட்டார்கள்? ஆன்ட்டி தூக்குவாளியைத் திறந்துவிட்டார். தயிர்சாதம், மாவடு. “நாக்குல அது இருக்கறப்ப எழுந்திருக்கக் கூடாது. முதல்ல வாயைச் சுத்தம் பண்ணிக்குங்க.” பட்டை கட்டிய கழுத்தோடு ஆளுக்கொரு கவளம், ஒரு மாவடு. மாமிசத்தைச் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்கு வாயைக் கழுவ வேண்டியிருந்தது. உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனும் இந்தக் கூடத்தில் இப்படிச் செய்ததில்லை என்று காவ் சொன்னான்.

அவர்கள் கிளம்பியபின் நான் உள்ளே போனேன். ருவோலான் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, கடைசியில் வந்ததே, அது என்ன?” என்று சீனத்தில் கேட்டாள். “உப்பு. அப்புறம் பயங்கரப் புளிப்பு. அதற்கும் பின்னால் ஒரு காரம்.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு தூக்கிவாரிப் போட்டது. “மாவடுவா? அது உனக்கு எப்படித் தெரியும்?”

காவ் தோளைக் குலுக்கினான். “பாலம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் நடக்கலாம் இல்லையா? விருந்தாளி எதையாவது தின்றால் அந்த ருசி அவருக்கும் தெரியும், இந்தப் பக்கமும் வரும். கம்பெனிக்குத் தெரியும். வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள்.”

“எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா அக்கா, எனக்கு ஒரு ருசி தெரிந்து?” என்றாள் ருவோலான். “வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் நாக்கு கட்டைதான். காலையில் சர்க்கரை மட்டும் கொஞ்சம் தெரியும். என் மகள் நான் சமைத்ததைத் தொடுவதில்லை. ஒரு நாள் உப்புக்கரைசல், ஒரு நாள் சப்பு. இப்போதெல்லாம் அவளையே ருசி பார்க்கச் சொல்லி உப்புப் போடுகிறேன். அவளுக்கு ஆறு வயது.”

“வேலையை விட்டுவிடேன்.”

“இந்த வேலை இருப்பதால்தான் அவளுக்கு இந்த நகரத்துப் பள்ளியில் இடம். விட்டால் இரண்டு பேரும் மலைக்கு அந்தப்பக்கம் திரும்பிப் போக வேண்டும்.”

மறுநாள் ஆன்ட்டியிடம் கேட்டு ஒரு மாவடு வாங்கிவந்து அவளுக்குக் கொடுத்தேன். வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். பிறகு தலையை ஆட்டினாள். அவளுடைய சொந்த நாக்கில் அது வெறும் சக்கை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் பெருவிருந்து. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டை ருசிப்பது. அன்று காலையில் காவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“நான்கு தோழிகள் இருந்தார்கள். மூன்று பேருடைய நாக்கு போய்விட்டது. புது ஆள் இன்னும் வரவில்லை. ருவோலான் ஒருத்தியால் இரண்டு பேரைத் தாங்க முடியும். ஒன்பது பேர் இழுத்தால் இன்றோடு அவள் கதை முடிந்தது. அந்தச் சர்க்கரைகூடத் தெரியாது. திரும்பியும் வராது.”

“தெரிந்தே ஏன் செய்கிறீர்கள்?”

“மேலிடத்தில் சொல்லிப் பார்த்தேன். விருந்தாளிகளே வேண்டாம் என்றால் நிறுத்தலாம், நாமாக நிறுத்தக் கூடாது என்றார்கள்.”

விருந்தாளிகளே வேண்டாம் என்றால். நான் ஹோட்டலுக்கு ஓடினேன். முட்டாள்தனமாக, நம்பிக்கையோடுதான் ஓடினேன். என்ன இருந்தாலும் எறும்புக்கு அரிசிமாவுக் கோலம் போடுகிறவர்கள், உயிரைக் கொல்லக் கூடாது என்பவர்கள்.

காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். “மத்தியானம் ஒண்ணா உக்கார வேணாம் சார். ரெண்டு ரெண்டு பேரா உக்காரலாம். நாளைக்கு ஷாப்பிங்க விட்டுட்டா நேரம் இருக்கு. இல்லன்னா அந்தப் பொண்ணோட நாக்கு செத்துடும். ஆயுசுக்கும் ருசி தெரியாது. சின்னக் கொழந்த இருக்கு அவங்களுக்கு.”

திருஞானம் சார், ஆன்ட்டி குக்கரில் அவித்த இட்லியை விண்டுகொண்டே கேட்டார். “டாக்டர் இருப்பாங்க இல்ல கம்பெனில?”

“இருக்காங்க சார். ஆனா...”

“அப்ப அவங்க பாத்துப்பாங்க. இஷ்டப்பட்டுத்தான வேலைக்கு வந்திருக்காங்க? நாம யாரையும் கட்டாயப்படுத்தலையே.”

“பாம்பு, தவளைன்னு எல்லாத்தையும் திங்கறவங்கம்மா இவங்க” என்றார் ரகோத்தமன். “நாக்கெல்லாம் எப்பவோ மரத்துப்போயிருக்கும். நீ எதுக்கு டென்ஷன் ஆகற?”

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “கேக்கவே கஷ்டமா இருக்கு செல்வி. ராத்திரி எனக்குத் தூக்கம் வராது போ. ஆனா இத்தனை தூரம் வந்துட்டு, எல்லாரும் சேர்ந்து உக்காந்தாத்தான நல்லா இருக்கும்? அந்தக் கொழந்தைக்கு வேணா நல்ல டிரஸ் ஒண்ணு வாங்கித் தரேன். நீ குடுத்துடு.”

சாரின் பேச்சுகூட என்னை அவ்வளவு சுடவில்லை. இந்தக் கண்ணீர்தான் சுட்டது.

“அதுக்கு நீங்களே சாப்பிட்டுடலாமே ஆன்ட்டி” என்றேன். “கறி அங்கயேதான இருக்கு. ருசியும் புடிச்சிருக்கு. வாயில போட்டு மெல்ல வேண்டியது ஒண்ணுதான பாக்கி?”

திருஞானம் சார் கையைத் துடைத்துக்கொண்டார். “பாத்துப் பேசும்மா. நாங்க பரம்பரை பரம்பரையா சைவம்.”

மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழத் தோன்றவில்லை, எதையாவது உடைக்கத் தோன்றியது. அவர்கள் குடியிருப்பைப் போன்ற ஓர் இடத்தில் நானும் ஒருமுறை வாடகைக்கு இருந்திருக்கிறேன். சைவம் என்று பொய் சொல்லித்தான் இருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஆசையாகப் போட்டிக் குழம்பு வைத்தாள். குடல் கறி. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது எங்கள் பாத்திரங்கள் படிக்கட்டில் இருந்தன, குழம்புச் சட்டியோடு. அம்மா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “நாத்தம் தாங்க முடியலம்மா, வேற எடம் பாத்துக்கோ” என்று வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு என் வீட்டில் சமைத்ததே இல்லை.

நேராகக் கூடத்துக்குப் போனேன். “என்னை உட்கார வை” என்று காவிடம் சொன்னேன்.

வழிகாட்டிகள் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதே பட்டை அளவெடுத்து வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு மாற்று நாக்கு. இதுவரை யாரையும் உட்காரவைத்ததில்லை.

காவ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “உன் நாக்கும் அவர்கள் நாக்கும் ஒரே உப்பிலும் புளியிலும் வளர்ந்தவை. பொருத்தம் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒன்பது பேர். புது நாக்கு என்பதால் திரும்ப வரலாம் என்றுதான் சொல்ல முடியும். வரும் என்று சொல்ல முடியாது.”

“அக்கா, வேண்டாம்” என்றாள் ருவோலான்.

“உனக்காக மட்டும் இல்லை” என்றேன். உண்மைதான். தியாகம் செய்கிற நிலையில் நான் இல்லை. எனக்குக் கோபம். அவர்கள் ருசிக்கப் போகிற வாய் யாருடையது என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

உட்கார்ந்தேன். காவ் பட்டையை மாட்டினான். ஒரு சொடக்கு. அவ்வளவுதான், வாய் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது.

ருவோலான் பக்கத்தில் நின்று, சாப்ஸ்டிக்கால் எடுத்து எடுத்து ஊட்டினாள். மாட்டிறைச்சி. வாத்து ரத்தம். பன்றி. சூடு தெரிந்தது, மென்மை தெரிந்தது, ருசி மட்டும் இல்லை. நனைத்த துணியை மெல்கிற மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாக அவர்களை நான் பார்க்க முடியும். ஒன்பது பேரும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். என் தாடை அசைந்தபோதெல்லாம் அவர்கள் தொண்டை அசைந்தது.

“இன்னிக்கு வேற லெவல்டா” என்றார் ரகோத்தமன். “முதல் நாள் இப்படி இல்லையே.”

அடுத்து ருவோலான் எடுத்தது குடல். குழம்பில் முக்கி, ஆறவைத்து என் வாயில் வைத்தாள். பல்லில் பட்டதும் தெரிந்துவிட்டது. போட்டி. இந்த வழுக்கலும் இழுப்பும் எனக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். ருசி மட்டும் வரவில்லை. அது கண்ணாடியைத் தாண்டிப் போய்விட்டது.

“ஆஹா” என்றார் திருஞானம் சார். அந்த மனிதரின் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. “இது என்ன ஐட்டம்? இதை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லும்மா. செல்வி எங்க? செல்வி!”

ருவோலான் மறுபடி ஊட்டினாள். மறுபடியும். மறுபடியும். படிக்கட்டில் வைக்கப்பட்ட அந்தச் சட்டி நினைவுக்கு வந்தது. என் கண்ணில் நீர் வழிந்தது. நல்லவேளை, கண்ணீரெல்லாம் பாலத்தில் போகாது.

ஒருவழியாக முடிந்தது. காவ் என் பட்டையில் கை வைக்கப் போனான். பொறு என்று சைகை காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆன்ட்டி தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார். “சீக்கிரம், சீக்கிரம், வாயைச் சுத்தம் பண்ணிக்குங்க.” ஆளுக்கொரு கவளம்.

வந்தது. ஒன்பது வாயிலிருந்தும் சேர்ந்து வந்தது. குளுமை, இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். ஒரு சாண் உயரத்திலிருந்து விழாமல், அவர்கள் தட்டிலிருந்து நேராக என் தலைக்குள் வந்தது. நான் மெதுவாக எழுந்தேன். பட்டையோடு கதவைத் திறந்து கூடத்துக்குள் போனேன்.

“எங்கம்மா போயிட்ட?” என்றார் ஆன்ட்டி. “இரு, உனக்கும் தரேன். பேப்பர் தட்டு எங்க வெச்சேன்...”

“வேணாம் ஆன்ட்டி, சாப்பிட்டாச்சு. இன்னிக்கு உப்பு கம்மி.”

“ஆமாம், நானும் இப்பத்தான்...” என்று சொல்லவந்தவர் நிறுத்தினார். “நான் உனக்கு இன்னும் குடுக்கவே இல்லையே?”

திருஞானம் சாரின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, கழுத்தில் இருந்த பட்டையில் நின்றது. எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் அதே பட்டை. பிறகு திறந்திருந்த அந்தச் சின்ன அறைக் கதவைப் பார்த்தார்.

“உள்ள இருந்தது நீயா?”

“ஆமா சார்.”

“அந்தச் சீனாக்காரப் பொண்ணு?”

“அவங்களுக்கு முடியல. நான்தான் சாப்பிட்டேன்.”

அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார். குரலைத் தணித்து, மிகவும் நாகரிகமாகக் கேட்டார். “வடசென்னைல எங்கன்னு சொன்ன?”

மூன்று நாளாக ஒரு பெண்ணின் வாயால் பன்றி தின்றார்கள். அவள் பெயரைக்கூட ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது ஊர் வேண்டியிருந்தது.

“புளியந்தோப்பு சார். ஆட்டுத்தொட்டிக்குப் பின்னாடி மூணாவது சந்து. அப்பா தொட்டியிலதான் வேலை பாத்தார், மாடு உரிக்கற எடத்துல. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னீங்களே, அதை எங்க வீட்ல போட்டின்னு சொல்லுவோம். எங்கம்மா இதைவிட நல்லா வெப்பாங்க.”

ரகோத்தமன் வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினார். ஒருத்தர் அழ ஆரம்பித்தார். திருஞானம் சார் என்னைத் திட்டவில்லை. கைப்பையைத் திறந்து, மூடி ஈயம் பற்றவைத்த சின்னச் செம்புச் சொம்பை எடுத்தார். காசியில் வாங்கியது. எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவாராம். பேனாக்கத்தியால் மூடியை நெம்பி, ஆன்ட்டியின் உள்ளங்கையில் முதலில் ஊற்றினார். பிறகு ஒவ்வொருவருக்கும். கடைசியில் தானும் குடித்தார்.

பட்டையைக் கழற்ற வேண்டும் என்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை. கங்கையும் எனக்கு வந்தது. ஒன்பது மடக்கு. செம்பு வாடை, வெகுநாள் மூடிவைத்த தண்ணீரின் வாடை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். புகார் வந்திருந்தது. அவர் கோபமாக இல்லை, குழம்பிப்போயிருந்தார்.

“ருசியைப் பற்றிக் குறையே இல்லை. இவ்வளவு துல்லியமாக எந்தக் குழுவுக்கும் வந்ததில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இனிமேல் இந்திய விருந்தாளிகள் தோழியைத் தேர்ந்தெடுக்க வசதி வேண்டுமாம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வயதா? ஊரா? ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள், எங்களுக்குப் பிடிபடவில்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்தால் முன்பதிவிலேயே சேர்த்துவிடலாம்.”

அதற்குச் சீனத்தில் ஒரு சொல் இருக்கிறது. எனக்குத் தெரியும். “தெரியாது” என்றேன்.

எத்தனை நாளைக்கு? வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். வாங்க ஆள் இருந்தால் விற்கிறவனுக்கு எதுவும் சீக்கிரம் புரிந்துவிடும்.

ருவோலானைக் கம்பெனி ஓய்வில் அனுப்பியது. மகளின் பள்ளி ஆண்டு முடிகிறவரை வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு; அதற்குமேல் என்ன என்று அவளுக்கும் தெரியாது. அவள் நாக்கு மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குடல் போட்டு நூடுல்ஸ் செய்திருந்தாள். யாரையும் கேட்காமல் தானே உப்புப் பார்த்தாள். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கென்ன தெரியும்? சூடாக இருந்தது.

பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மிளகாய், எலுமிச்சை, காப்பி, எதுவும் வரவில்லை. அம்மா ஊரிலிருந்து போட்டியைக் காயவைத்து அனுப்பினாள். குழம்பு வைத்து, கதவைத் திறந்துபோட்டுச் சாப்பிட்டேன், அதுவும் வரவில்லை. கடைசியாக எனக்குத் தெரிந்த ருசி அவர்களுடைய அந்தத் தண்ணீர்தான். இன்னும் வாயிலேயே நிற்கிறது. அதைக் கழுவ என்னிடம் ஒன்றும் இல்லை.